பிங் வந்தால் எல்லாம் வந்ததா?

கைப்பேசி சோதிக்கும் லேபுகளில் ஒரு வாக்கியம் வேதவாக்காக நடமாடுகிறது: "பிங் போகுது சார், நெட்வொர்க் ஓகே." நேற்றுச் சேர்ந்த பையனும் சொல்கிறான், பழம் தின்று கொட்டை போட்ட டெஸ்ட் லீடும் சொல்கிறார். அறிக்கையில் 'டேட்டா கனெக்டிவிட்டி' என்ற வரிக்கு நேரே 'பாஸ்' என்று எழுத இந்த ஒரு வாக்கியம் போதும் என்றாகிவிட்டது. பிங் வரவில்லையா, அதே வேகத்தில் எதிர்த் தீர்ப்பு: "மோடம் போச்சு." இரண்டு தீர்ப்புக்கும் ஆதாரம் போதாது என்பதுதான் என் வாதம். இரண்டு கணினிகளுக்கு நடுவே ஈதர்நெட் கேபிள் போட்டுச் சோதிக்கும் இடத்தில் இந்தப் பழக்கத்தால் பெரிய கெடுதல் இல்லை. கைப்பேசி டெஸ்ட் கருவியின் முன்னால் கெடுதல் உண்டு. எல்டிஇ ஆகட்டும், 5ஜி ஆகட்டும், ரேடியோவில் நடக்கும் தவறுகள் மேலே தெரியாதபடி கீழேயே சரிக்கட்டிவிடும் ஏற்பாட்டோடுதான் அவை கட்டப்பட்டிருக்கின்றன. விநாடிக்கு ஒன்றாகப் போய்வரும் சின்ன பாக்கெட்டுக்கு அந்தத் தவறுகள் கண்ணிலேயே படாது.

மேசையைப் பாருங்கள். ஒரு பக்கம் பேஸ் ஸ்டேஷன் வேடம் போடும் கருவி. ரோடே அண்ட் ஷ்வார்ஸின் சிஎம்டபிள்யூ 500 போல ஒன்று, அல்லது அன்ரிட்சுவின் எம்டி8475 வரிசையில் ஒன்று. அதிலிருந்து இரண்டு ஆர்எஃப் கேபிள்கள் ஷீல்டு பாக்ஸுக்குள் போகின்றன. உள்ளே கைப்பேசி, அதில் 001-01 என்ற சோதனை நெட்வொர்க் எண் கொண்ட டெஸ்ட் சிம். யுஎஸ்பி கேபிளின் மறுமுனையில் லேப்டாப். கருவியில் செல்லை 'ஆன்' செய்ததும் கைப்பேசி பதிவாகிறது, ஐபி முகவரி வாங்குகிறது. லேப்டாப்பில் ஏடிபி ஷெல் திறந்து பிங் அடிக்கிறார்கள். நான்கு வரி பதில், பூஜ்யம் சதவீத இழப்பு. பெட்டியைத் திறந்து அடுத்த கைப்பேசியை வைக்கிறார்கள்.

அந்த நான்கு வரி எதை நிரூபித்தது? நியாயமாகக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். சிம் சரிபார்ப்பு முடிந்தது, கைப்பேசி பதிவானது, டேட்டாவுக்கான அடிப்படை பேரர் அமைந்தது, போகவும் வரவும் பாதை இருக்கிறது. சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் இவற்றில் முதல் மூன்றும் கருவியின் திரையிலேயே தெரிகின்றன; கைப்பேசிக்கு ஒதுக்கிய ஐபி முகவரி உட்பட. பிங் புதிதாகச் சொன்னது பாதை இருக்கிறது என்ற ஒன்றைத்தான். அதையும் எவ்வளவு சுமையோடு சொன்னது? ஆண்ட்ராய்டில் பிங் தானாக அனுப்பும் பாக்கெட் தலைப்புகள் சேர்த்து 84 பைட். விநாடிக்கு ஒன்று. அதாவது ஒரு திசையில் விநாடிக்கு 672 பிட். சோதனைக்கு வந்திருப்பது 'கேட்டகரி 4' எல்டிஇ கைப்பேசி என்றால் அது இறக்கத்தில் விநாடிக்கு 15 கோடி பிட் வாங்கக் கட்டப்பட்டது. வாசலில் நின்று "சார்" என்று கூப்பிட்டு, உள்ளிருந்து "யாரது" என்று குரல் வந்ததை வைத்து அந்த வீட்டில் நூறு பேருக்குப் பந்தி போடலாம் என்று முடிவு கட்டுவது போன்றது இது.

பிங்கை எழுதியவர் அதற்கு இப்படி ஒரு பட்டம் கேட்கவில்லை. அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மைக் மூஸ், 1983 டிசம்பரில் தன் நெட்வொர்க் கோளாறு ஒன்றைத் தேட ஒரே இரவில் எழுதிய நிரல் அது. அதே ஆண்டு ஜூலையில் நார்வேயில் நடந்த கூட்டமொன்றில் டேவிட் மில்ஸ் போகிறபோக்கில் சொன்ன ஒரு யோசனைதான் விதை என்று மூஸே எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவர் முதல் பிங் பாக்கெட்டை விடுவதற்கு முன்பே அந்தக் கோளாறு வேறு வழியில் சரிசெய்யப்பட்டுவிட்டது. அது கம்பிகளின் காலம். கம்பியில் பாக்கெட் தொலைந்தால் தொலைந்ததுதான், பிங் அதை எண்ணிச் சொல்லும். எண்ணுவதற்குத் தொலைந்தது ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரேடியோவில் தொலைந்தது எண்ணிக்கைக்கே வருவதில்லை. எல்டிஇயில் கைப்பேசி தன் சிக்னல் நிலையை பேஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லும் எண் ஒன்று உண்டு, சிக்யூஐ என்பார்கள். அந்த எண்ணின் வரையறையிலேயே முதல் முயற்சியில் பத்து சதவீதம் வரை தவறலாம் என்று இடம் விடப்பட்டிருக்கிறது. பத்தில் ஒன்று பழுதாவது அங்கே கோளாறு இல்லை, திட்டம். பழுதானதை ஹார்க் என்ற அடுக்கு உடனே மறுபடி கேட்டு வாங்குகிறது. எஃப்டிடி முறையில் 8 மில்லிவிநாடிக்குள் மறுமுயற்சி வந்துவிடும். அதுவும் தவறினால் மேலே ஆர்எல்சி அடுக்கு இன்னொரு முறை கேட்கும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆன்டெனாவில் ஏதோ கோளாறு, பழுது விகிதம் முப்பது சதவீதத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நான்கு முயற்சியும் தவற வாய்ப்பு 0.3-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது: 0.81 சதவீதம். முந்தைய முயற்சிகளில் கிடைத்த அரைகுறைத் தகவலையும் ஹார்க் சேர்த்துக்கொள்வதால் உண்மையில் இன்னும் குறைவு. அந்த மிச்சத்தையும் ஆர்எல்சி அள்ளிக்கொண்டு வந்துவிடும். பிங் காட்டப்போவது பூஜ்யம் சதவீத இழப்பு. இதே கைப்பேசியில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கினால் வேகத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் காணாமல் போயிருக்கும்.

ஆகவே 'பூஜ்யம் இழப்பு' என்ற வரி ரேடியோ நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கீழ் அடுக்குகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறது. இழப்பைத் தாமதமாக மாற்றிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. அந்தத் தாமதம் பிங்கில் தெரியத்தான் செய்கிறது: ஒரு பதில் மற்றதைவிட எட்டு மில்லிவிநாடி தள்ளி வரும், இன்னொன்று பதினாறு தள்ளி வரும். அதை யார் பார்க்கிறார்கள்? அறிக்கைக்குப் போவது சராசரி. சராசரியில் அந்தப் படிக்கட்டு தேய்ந்து சமதரையாகிவிடும்.

ஏற்றத்தில், அதாவது கைப்பேசியிலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்குப் போகும் திசையில், பிங்குக்கு இன்னொரு சலுகையும் கிடைக்கிறது. சாதாரண எல்டிஇ கைப்பேசியின் உச்ச சக்தி 23 டிபிஎம், அதாவது ஐந்தில் ஒரு வாட். 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 50 ரிசோர்ஸ் பிளாக்குகள் உண்டு. வீடியோ ஏற்றும் கைப்பேசி அந்த ஐந்தில் ஒரு வாட்டை ஐம்பதிலும் பரப்ப வேண்டும். பிங் பாக்கெட்டுக்கு இரண்டு பிளாக் இருந்தால் போதும், தவணையாகப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு பிளாக்கில் அதே சக்தியைக் குவித்தால் ஒவ்வொன்றிலும் 25 மடங்கு, டெசிபலில் 14. ஆக, கருவியில் அட்டென்யுவேஷனைக் கூட்டிக்கொண்டே போய் "இந்த லெவல் வரைக்கும் பிங் நிக்குது" என்று எழுதும் எண், அந்தக் கைப்பேசியால் உருப்படியாக எதையாவது ஏற்ற முடியும் எல்லைக்கு வெகு தூரம் அப்பால் இருக்கும். கைப்பேசியின் ரிசீவர் கூர்மையை அளக்க 3ஜிபிபி வகுத்த விதி பிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. குறிப்பிட்ட சிக்னல் அளவில், வரையறுத்த சோதனைச் சேனலின் முழு வேகத்தில் குறைந்தது 95 சதவீதம் வர வேண்டும் என்கிறது. சான்றிதழ் தருகிறவர்கள் வேகத்தை எண்ணும்போது, லேபில் மட்டும் ஏன் எதிரொலியை எண்ணுகிறோம்?

இரண்டு கேபிள்கள் என்று மேலே சொன்னேன். அதில் ஒன்றின் எஸ்எம்ஏ முனையை அரைச் சுற்று தளர்த்திவிட்டு பிங் அடித்துப் பாருங்கள். வரும். கைப்பேசி மற்ற ஆன்டெனாவை வைத்து ஒற்றை ஸ்ட்ரீமில் சமாளித்துக்கொள்ளும். மைமோ செத்துப்போயிருக்கலாம், வேகம் பாதியாகியிருக்கலாம், பிங் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கும். கேரியர் அக்ரிகேஷனிலும் இதே கதை: இரண்டாவது கேரியர் டேட்டா குவியும்போதுதான் விழிக்கும், 84 பைட்டுக்காக அதை யாரும் எழுப்பமாட்டார்கள். எல்டிஇயின் மேல் ஏறி நிற்கும் 5ஜி அமைப்பில் கைப்பேசியின் திரை '5ஜி' என்று காட்டிக்கொண்டிருக்க, பிங் முழுவதும் எல்டிஇ கால் வழியாகவே போய் வரலாம். 5ஜியைச் சோதித்துவிட்டோம் என்று அறிக்கை போகும்.

"சரி, கனெக்‌ஷனை விடுங்க; தாமதத்தை அளக்க பிங்கைவிட என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். இது கொஞ்சம் கனமான கேள்வி, நின்று பதில் சொல்ல வேண்டும்.

உண்மையான நெட்வொர்க்கில் கைப்பேசி எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் முதலில் கை தூக்க வேண்டும். ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட் என்று பெயர். அதற்கான முறை பத்து மில்லிவிநாடிக்கு ஒரு தடவை வருகிறது என்றால், சராசரியாக ஐந்து மில்லிவிநாடி காத்திருப்பு. பிறகு பேஸ் ஸ்டேஷன் கிராண்ட் தரும். அது கிடைத்து நான்கு மில்லிவிநாடி கழித்துத்தான் பாக்கெட் கிளம்பும். சோதனைக் கருவியில் என்ன நடக்கிறது? நிலையான சோதனைச் சேனலில் வைத்திருந்தால் கருவி கேட்காமலேயே கிராண்டை அள்ளி வீசிக்கொண்டிருக்கும். கை தூக்கும் வேலையே இல்லை. பிங் பிரமாதமாக வரும். அதே கைப்பேசி, அதே ஃபர்ம்வேர். ஷெட்யூலிங் அமைப்பை மட்டும் மாற்றினால் எண் மாறும். அப்படியானால் அந்த எண் யாருடையது? கைப்பேசியினுடையது என்று சொல்ல முடியாது. பதில் சொல்லும் சர்வரும் பல சமயம் கருவிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சிஎம்டபிள்யூவின் டேட்டா அப்ளிகேஷன் யூனிட் அப்படிப்பட்டது. நடுவில் கோர் நெட்வொர்க் இல்லை, இணையம் இல்லை. அந்த மில்லிவிநாடியைப் பார்த்து "இந்த மாடல் கேமுக்கு நல்லா இருக்கும்" என்று மார்க்கெட்டிங்குக்கு எழுதியனுப்புவதை என்னவென்று சொல்வது.

அதோடு, விநாடிக்கு ஒரு பிங் என்பதே கைப்பேசியைத் தூங்கவிடாமல் தட்டிக்கொண்டிருக்கும் காரியம். டேட்டா ஏதும் இல்லாமல் பத்து விநாடி அளவு கழிந்தால்தான் பல நெட்வொர்க்குகள் கைப்பேசியை ஓய்வு நிலைக்கு அனுப்பும். பிங் ஓடும் வரை அந்த நிலை வரவே வராது. மனிதர்கள் கைப்பேசியைப் பயன்படுத்தும் விதமோ நேர் எதிர்: பையில் கிடக்கும், எடுப்பார்கள், உடனே ஏதாவது திறக்க வேண்டும். அவர்கள் அனுபவிக்கும் தாமதம் அந்த முதல் பாக்கெட்டின் தாமதம். பிங் முடிவில் முதல் வரி மற்றவற்றைவிட நீண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "முதல் பிங்கை விட்டுடு, அது எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எல்டிஇயை வடிவமைக்கும்போதே, ஓய்விலிருந்து விழித்து வேலைக்கு வர 100 மில்லிவிநாடிக்குள் ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கைக் கைப்பேசி எட்டுகிறதா என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே துப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி எடுக்கிறோம். திசையும் முக்கியம். ஓய்வில் இருக்கும் கைப்பேசியைக் கருவிப் பக்கத்திலிருந்து பிங் செய்தால் அது பேஜிங் முறை வரும்வரை காத்திருக்கும்; முறை 1.28 விநாடிக்கு ஒருதரம் என்றால் அவ்வளவு நேரம்கூட ஆகலாம். யார் யாரை பிங் செய்தார் என்று எழுதாத அறிக்கைகளை நிறையப் பார்க்கலாம்.

பிங் வராததன் கதைக்கு வருவோம். "பிங்கே வரலைன்னா வேற எதுவும் வராது" என்பது இந்த மூடநம்பிக்கையின் மறுபாதி. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறை 1981 செப்டம்பரில் வெளியானது. 1989-இல் வந்த விதி, எந்தக் கணினியும் எதிரொலிக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றது. விதி அப்படியே இருக்கிறது, உலகம் மாறிவிட்டது. 2003 ஆகஸ்டில் வெல்ச்சியா என்ற புழு பரவியது. பிளாஸ்டர் என்ற இன்னொரு புழுவைத் துரத்துவதற்காக எவரோ எழுதிவிட்ட 'நல்ல' புழு அது! எந்த முகவரியில் கணினி உயிரோடு இருக்கிறது என்று தேட அது பிங்கைத்தான் வாரி இறைத்தது. நெட்வொர்க்குகள் மூச்சுத் திணறின. நிர்வாகிகள் எதிரொலியை வாசலிலேயே மறித்தார்கள். மறித்தவர்களில் பலர் பிறகு திறக்கவில்லை. விண்டோஸின் ஃபயர்வால் வழக்கமான அமைப்பில் வெளியிலிருந்து வரும் பிங்கைக் கீழே போட்டுவிடும். லேபில் கைப்பேசியிலிருந்து எந்த முகவரிக்குப் பிங் அடிக்கிறோம்? பெரும்பாலும் கருவியோடு லேன் கேபிளில் கட்டிய விண்டோஸ் கணினிக்கு. பதில் வராது. மோடத்தைக் கழற்றுவார்கள், சிம்மை மாற்றுவார்கள், ஃபர்ம்வேர் குழுவுக்கு மெயில் பறக்கும். அதே கணினியில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் சர்வரை ஓடவிட்டு அதன் போர்ட் 5201-க்கு மட்டும் ஃபயர்வாலைத் திறந்து வைத்திருந்தால், பிங் வராத அதே நிமிடத்தில் டேட்டா முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்.

வந்த பிங் எந்த வழியாக வந்தது என்பது இன்னொரு சங்கடம். ஷீல்டு பாக்ஸ் கதவு சரியாக மூடவில்லை, அல்லது பெட்டியே இல்லாமல் கேபிளை மட்டும் மாட்டிச் சோதிக்கிறார்கள், கைப்பேசியில் வைஃபை அணைக்கப்படவில்லை. இணையம் இருக்கும் வைஃபை கிடைத்தால் ஆண்ட்ராய்டு அதைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்ளும். பிங் வைஃபை வழியே அலுவலக ரூட்டருக்குப் போய்வரும், செல்லுலார் இணைப்புக்கு 'பாஸ்' விழும். குவால்காம் சிப் உள்ள கைப்பேசி என்றால் ஆர்எம்நெட் என்று தொடங்கும் இடைமுகத்தைப் பிங் கட்டளையிலேயே குறிப்பிட்டு இதைத் தவிர்க்கலாம். குறிப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஆண்ட்ராய்டே பிங்கை நம்புவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? இணையம் இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு குறிப்பிட்ட வலை முகவரியைக் கேட்டு, 204 என்ற பதில் எண் வருகிறதா என்று பார்க்கிறது. பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் வேலை செய்ய வேண்டும், டிசிபி இணைப்பு எழ வேண்டும், எச்டிடிபி பதில் முழுசாக வர வேண்டும். வெளி இணையம் இல்லாத லேபில் பிங் ஜோராகப் போய்க்கொண்டிருக்கும். சிக்னல் கோடுகளின் பக்கத்தில் ஆச்சரியக்குறி நிற்கும். அந்தக் குறியைப் பார்த்து இணையம் இல்லை என்று முடிவு செய்யும் செயலிகள் திறக்க மறுக்கும். அப்போது "பிங் போகுதே" என்று செயலிக்காரர்களோடு சண்டை.

பேச்சுக்கும் இதில் சம்பந்தமில்லை. வோல்டிஇ அழைப்பு ஐஎம்எஸ் என்ற தனி இணைப்பில், தனி முன்னுரிமையோடு போகிறது. இணைய ஏபிஎன்னில் போகும் பிங் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. 8.8.8.8-க்குப் பிங் அடிக்கும் பழக்கமும் அப்படித்தான்: ஐபிவி6 மட்டுமே ஓடும் நெட்வொர்க்கில் அந்தப் பாக்கெட் கைப்பேசிக்குள்ளேயே மொழிமாற்றம் ஆகி, வெளியே இன்னொரு முறை மாறித்தான் போகும். ஐபிவி6 சரியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அது நேரான விடை ஆகாது.

"முதல் படியாகவாவது இருக்கட்டுமே" என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும், பிங்கைத் தடை செய்யச் சொல்லவில்லை. என் சண்டை அது முதல் படியில் ஏறி நின்று மாடிக்கு வந்துவிட்டதாகச் சொல்வதோடுதான். பிங்கை ஒழுங்காகப் பயன்படுத்தினால் அது கூர்மையான கருவி. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் சுமை வைத்து அனுப்பினால் 1500 பைட் பாக்கெட் தாங்குகிறதா என்று தெரியும். 3ஜிபிபி பரிந்துரைக்கும் 1358 பைட் எல்லையில் கைப்பேசி அமைந்திருந்தால் 1330 பைட் சுமையில் ஒருமுறை, 1331-இல் ஒருமுறை அனுப்பி எல்லை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். சின்ன பிங் போய், வலைப்பக்கம் பாதியில் தொங்கும் கோளாறுகளில் பல இந்தச் சோதனையில் பிடிபடும். ஒரு விநாடி, ஐந்து, பன்னிரண்டு, முப்பது என்று இடைவெளியை மாற்றி அனுப்பினால் கைப்பேசி எப்போது தூங்குகிறது, எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று படம் வரையலாம். இதற்கு நிகரான மலிவான கருவி கிடையாது. இத்தனை செய்யக்கூடியதை வாங்கி வைத்துக்கொண்டு நான்கு வரிப் பதிலோடு பெட்டியை மூடுகிறோம்.

நேரம் இல்லை என்பார்கள். ஐபெர்ஃப் பத்து விநாடி ஏற்றம், பத்து விநாடி இறக்கம். கூடவே கருவியின் திரையில் பழுது விகிதம் எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு கைப்பேசிக்கு அரை நிமிடம் கூட ஆகாது. அறிக்கையில் பிங்குக்கு இடம் வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் ஐந்து கட்டங்கள் வையுங்கள்: எந்த இடைமுகம், பாக்கெட் எவ்வளவு பெரியது, இடைவெளி எவ்வளவு, கருவியில் ஷெட்யூலிங் எந்த அமைப்பில் இருந்தது, பதில் சொன்ன சர்வர் எங்கே இருந்தது. முதல் பதிலின் நேரத்தைத் தனியாக எழுதுங்கள், சராசரியில் கலக்க வேண்டாம். ஐந்து கட்டமும் காலியாக இருக்கும் அறிக்கையில் 'பிங் ஓகே' என்ற வரியை அடித்துவிட்டு அனுப்பலாம். படிக்கிறவருக்கு எதுவும் குறைந்துவிடாது.